கம்பி போகட்டும், ஆண்டு வாடகை வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்மின் கோபுரம் என்றாலே எங்கள் பக்கம் ஊர் இரண்டாகிவிடுகிறது. நான் இரண்டு பக்கமும் இருக்கிறேன். சோமனூர் வட்டாரத்தில் கூலிக்கு நெய்கிற தறிக்காரன் நான். என் மச்சானின் தென்னந்தோப்புக்கு மேலே 400 கிலோவோல்ட் கம்பி போகிறது.

கம்பியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சூரிய மின்சாரம் பகலோடு சரி. இரவு ஷிப்டுக்குக் கைகொடுப்பது தென்மேற்குப் பருவத்தில் வரும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. தெற்கே காற்றாலைகள் நிறைந்த கயத்தாறு, முப்பந்தல் பக்கமும் அதே பருவத்தில்தான் காற்று. கொண்டுபோகக் கம்பி போதாமல், நல்ல காற்றிலேயே காற்றாலைகளை நிறுத்தச் சொன்னது இந்த மாநிலத்தில் பலமுறை நடந்திருக்கிறது.

ஆனால் மச்சானின் கணக்கு வேறு. கம்பிக்கு அடியில் 46 மீட்டர் அகலத்துக்குத் தென்னை கூடாது. காய்ப்பில் இருந்த மரங்கள் போயின. மக்காச்சோளம் போடலாமே என்கிறார்கள். போடலாம், தென்னைக்கு அது ஈடாகுமா? அடமானம் வைக்கப் போனால், கம்பி போகிற பூமி என்று மதிப்பைக் குறைக்கிறார்கள். பட்டா மட்டும் அவர் பேரில் பத்திரமாக இருக்கிறது! 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் அதிகாரத்தில் கோபுரம் நடுவதால் நிலத்தைக் கையகப்படுத்தியதாகவே ஆகாது. 2013 நிலச் சட்டத்தின் இழப்பீடும் கிடைக்காது.

மத்திய அரசின் 2015 வழிகாட்டுதலில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிப் பாதைக்கு 15 சதவீதம். 2024 ஜூனில் அதை 200, 30 என்று உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனாலும் ஒரே தடவை கொடுக்கிற பணம். செல்போன் டவருக்கு மாதாமாதம் வாடகை வாங்குகிற ஊரில், தலைமுறைக்கும் நிற்கப்போகிற கோபுரத்துக்கு ஏன் ஆண்டு வாடகை இல்லை?

எல்லாவற்றையும் புதைத்துவிடு என்கிறார்கள் சிலர். மாறுமின்சாரத்தை (ஏ.சி.) நெடுந்தூரம் கேபிளில் கொண்டுபோவது கடினம், செலவும் பல மடங்கு. நேர்மின் (டி.சி.) பாதை அப்படியல்ல. புகளூர்–திருச்சூர் நேர்மின் பாதை கேரளத்தின் வடக்கஞ்சேரியிலிருந்து நிலத்துக்கு அடியில்தான் போகிறது. நம் பக்கம் முழுக்கத் தலைக்கு மேலே. இனி வரும் நேர்மின் பாதைகளுக்காவது, சாலையோரம் புதைத்தால் என்ன செலவாகும் என்ற கணக்கை முதலில் ஊர்க் கூட்டத்தில் வையுங்கள்.

மின்கட்டண உயர்வை எதிர்த்துத் தறியை நிறுத்திப் போராடியவன்தான் நானும். கோபுரத்துக்கான அந்த ஆண்டு வாடகைக்காக யூனிட்டுக்குச் சில காசு கூடினால் மறுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
விசைத்தறியாளர் ஒருவர்,
சோமனூர்