உறைபனிக்கு முன் அந்தக் கற்களைத் தரையிலிருந்து தூக்குங்கள்

தொல்பொருள் கிடங்குகளுக்குப் பொறுப்பான பிரெஞ்சு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பழைய மதிலைச் செப்பனிட்டபோது அதன் அடித்தளத்திலிருந்து வெளியே எடுத்த காலோ-ரோமானிய (ரோமானியர் ஆண்ட கால், அதாவது பழைய பிரான்சுப் பகுதியின்) ஈமச்சின்னக் கற்களைப் பற்றி எழுதுகிறோம். கல்லறைகளை இடித்து அந்தக் கற்களை மதிலின் அடித்தளத்தில் போட்டிருந்தார்கள். அவை எப்படி வந்தன, இப்போது எங்கே கிடக்கின்றன என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். போன குளிர்காலம் முழுக்க வெறும் மண்மேல், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடுவதற்காக வசந்தத்தில் பிரஷர் வாஷர் வைத்துக் கழுவினார்கள். அடுத்த குளிர்காலம் வாசலில் நிற்கிறது. கற்கள் இன்னும் அதே மண்மேல்தான்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: முதல் உறைபனிக்கு முன் கற்களைத் தரையிலிருந்து தூக்கி, காற்று புகும் கூரையின் கீழ் வையுங்கள். ஒவ்வொரு கல்லின் ஆறு பக்கமும் பதிவாகும்வரை தண்ணீர் பீய்ச்சாதீர்கள்.

கணவனும் மனைவியும் அருகருகே நிற்கும் புடைப்புச் சிற்பக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் மேலாடையின் கீழ் மடிப்புகள் கல்லை வெளியே எடுத்த அன்று தெளிவாக இருந்தன. இன்று தரையை ஒட்டிய ஒரு சாண் உயரத்துக்கு மடிப்பு என்று எதுவுமில்லை. விரல் பட்டால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. ஏன் இப்படி ஆனது என்பதில் மர்மம் எதுவுமில்லை. மென்மையான சுண்ணாம்புக்கல் மண்ணின் ஈரத்தைத் தானே மேலே இழுத்துக்கொள்ளும். மேலே தார்ப்பாய் மூடியிருந்தால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். நுண்துளைகள் நிரம்பியிருக்கும் கல்லில் விரிய இடம் கிடையாது. அதனால் மேல் தோல் தாள் தாளாகக் கழன்றுவிடும். சிற்பியின் உளி பட்டது அந்தத் தோலில்தான். தப்பிய இடங்களும் வெயிலில் வேகமாகக் காயும்போது உப்புப் பூத்து உதிரத் தொடங்கும். மழையிலிருந்து காப்பாற்றத்தான் தார்ப்பாய் போட்டோம் என்கிறார்கள். மூடாமல் விட்டிருந்தால்கூடக் கல் இடையிடையே காய்ந்திருக்கும்.

கழுவியதில் போனது இதைவிடப் பெரிது. இந்தச் சிற்பங்கள் வெறும் கல் நிறத்தில் நின்றவை அல்ல. மெல்லிய வெள்ளைப் பூச்சு, அதன்மேல் சிவப்பு, மஞ்சள் காவி, சில இடங்களில் எகிப்திய நீலம் என்னும் பழங்காலச் செயற்கை நிறமி என்று வண்ணம் தீட்டியிருந்தார்கள். ஆடை மடிப்பின் இடுக்கிலும் எழுத்தின் குழியிலும் கடுகளவு மிஞ்சியிருக்கும். எகிப்திய நீலம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் சாதாரண ஒளி பட்டால் 910 நானோமீட்டர் அளவில் அகச்சிவப்பு ஒளியை உமிழும். உள்ளிருக்கும் அகச்சிவப்புத் தடுப்பானை நீக்கிய ஒரு கேமரா, முன்னால் ஒரு வடிகட்டி, எல்.இ.டி. விளக்கு, இருட்டறை: அதைப் படமெடுக்க வேறெதுவும் தேவையில்லை. பீய்ச்சி அடித்த பிறகு இவை அத்தனையும் இருந்தும் பயனில்லை.

ஆறு பக்கம் என்று ஏன் வற்புறுத்துகிறோம் என்றும் சொல்லிவிடுகிறோம். சிற்பமுள்ள முகத்தை மட்டும் படமெடுத்து எண் கொடுப்பது உங்கள் கிடங்குகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தக் கல் கல்லறையில் எங்கே இருந்தது என்பதைச் சொல்வது மற்ற முகங்கள்தான். இவை சாந்து இல்லாமல் அடுக்கி, இரும்புக் கவ்விகளை ஈயம் ஊற்றிப் பொருத்திய கட்டடங்கள். மேல் முகத்துக் கவ்விக் குழியும் பக்கத்துக் கல்லின் குழியும் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும். கடப்பாரைக் குழி இருந்தால் மேல்வரிசைக் கல்லை எதுவரை நெம்பித் தள்ளினார்கள் என்று தெரியும். தூக்குக் கருவி மாட்டிய குழி பெரும்பாலும் எடை மையத்தில் இருக்கும்; அது ஓரமாக இருந்தால் கல்லைப் பிற்காலத்தில் வெட்டிக் குறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இந்தக் குழிகளை அளக்காமல் வரைகிற மீட்டுருவாக்கம் ஊகம் மட்டுமே.

ஒரு துண்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்குப் பக்கத்து நாடுகளிலேயே சான்று இருக்கிறது. பெல்ஜியத்தின் ஆர்லோனில் கிடைத்திருந்த சிற்பத் துண்டு ஒன்றின் பொருள், 1958-இல் அந்நாட்டுப் புஸ்னோலின் மதிலில் கதிர் அறுக்கும் இயந்திரத்தைக் காட்டும் கல் கிடைத்த பிறகுதான் தெளிவானது. ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த, கால் (Gaul) நாட்டு அறுவடை இயந்திரம், பல் வரிசையோடு கல்லிலேயே கண்முன் வந்தது. ஜெர்மனியில், மோசல் ஆற்றங்கரையில் நொய்மாகன் கோட்டையின் அடித்தளம் 19-ஆம் நூற்றாண்டில் தந்த கற்களால்தான் பள்ளிக்கூடக் காட்சியும் மதுப் பீப்பாய் ஏற்றிய படகும் நமக்குக் கிடைத்தன. அதே நாட்டில் ட்ரியர் நகருக்கு அருகே ஈகலில் துணி வணிகர்களான செகுண்டினி குடும்பத்தின் 23 மீட்டர் தூண் இன்றும் நிற்கிறது. அதை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் பெற்றோர் தொடர்பான சின்னம் என்று இடைக்காலத்தில் தவறாக நம்பியதால் இடிக்காமல் விட்டார்கள். அந்த அதிர்ஷ்டம் வாய்க்காத கல்லறைகள் மதில்களுக்கு அடியில் துண்டுகளாகத்தான் கிடைக்கின்றன. அவற்றைப் பனிக்குத் தின்னக் கொடுக்கலாமா?

மெய்நிகர் காட்சிக்குப் பணம் இருக்கிறது, திரைக்கும் ஒலி அமைப்புக்கும் பணம் இருக்கிறது. மரச்சட்டம் வாங்க மட்டும் நிதியாண்டு முடியக் காத்திருக்க வேண்டும். அகழ்ந்து எடுக்க ஓர் அலுவலகம், வைத்துக்கொள்ள இன்னொன்று, கூரை போட மூன்றாவது. கல் உதிர்ந்தால் மூன்றுமே பொறுப்பில்லை என்கின்றன. பழைய பழுதுபார்ப்புகளில் சிமெண்டும் இரும்புக் கம்பியும் வைத்த சிற்பங்கள் துரு வீங்கி வெடிப்பதைப் பற்றி எத்தனை அறிக்கைகள் வந்துவிட்டன! அறிக்கை எழுதியவர்களும் நீங்களும் ஒரே துறையில் இருந்துகொண்டு இதைத் தெரியாது என்று சொல்ல முடியாது.

கோபம் மீறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறோம். 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உயரமும் உள்ள கல் ஏறக்குறைய ஒரு டன் இருக்கும். ஆள் வைத்துப் புரட்டக் கூடாது. பழைய தூக்குக் குழியில் கொக்கி மாட்டவே வேண்டாம். அதன் உதடு விரிசல் விட்டிருக்கும். அகலமான பாலியெஸ்டர் பட்டையால், விளிம்புகளில் மரத்துண்டு கொடுத்துத் தூக்குங்கள். கீழே 10 செ.மீ. தடிப்புள்ள இரண்டு மரச்சட்டங்கள், மரத்துக்கும் கல்லுக்கும் இடையே பாலிஎத்திலீன் நுரைத் தகடு. சிற்ப முகம் வானம் பார்க்காமல் பக்கவாட்டில் இருக்கட்டும். கற்களுக்கு நடுவே ஓர் ஆள் கேமராவோடு நிற்க இடம் விடுங்கள். கூரைக்குப் பக்கச் சுவர் தேவையில்லை. சாரல் அடிக்கும் திசையில் மட்டும் காற்று புகும் துணித்திரை கட்டினால் போதும். தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு மென்தூரிகையால் தட்டுங்கள். காவி தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தயவுசெய்து, உறைபனிக்கு முன் தூக்கி வையுங்கள், கூரையின் கீழ் கொண்டுபோங்கள், ஆறு பக்கமும் பதியும்வரை கழுவாதீர்கள். எந்தக் கல்லை எங்கே பட்டை போட்டுப் பிடிப்பது என்று காட்ட எங்களில் இருவர் வந்து நிற்கத் தயார். ஃபோர்க்லிஃப்ட் வரும் தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னால் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஈமச்சின்னக் கற்களை ஆவணப்படுத்தும் பணியில் இருப்பவர்கள்