கடைசிக் கம்பம் வரை நியூட்ரலைச் சரிசெய்து சீரான மின்னழுத்தம் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கடைசிக் கம்பத்து வீட்டினர் மற்றும் தெருவாசிகள்

பெறுநர்:
உதவி செயற்பொறியாளர் அவர்கள்,
மின் விநியோகப் பிரிவு அலுவலகம்.

பொருள்: வீடுகளில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது – நியூட்ரல் இணைப்புகளைச் சோதித்துச் சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நேரிலும் இணையத்திலும் ஏற்கெனவே கொடுத்த மனுக்கள் (எதற்கும் எழுத்தில் பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெரு தாங்கள் அறியாததல்ல. பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிய டிரான்ஸ்ஃபார்மரில் கிளம்பும் லைன், வளைவைத் தாண்டி வாய்க்கால் பாலத்தருகே கடைசிக் கம்பத்தில் முடிகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் யாருக்கும் குறையில்லை. இந்தப் பக்கம் இருக்கும் நாங்கள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

1. விதிப்படி 230 வோல்ட்டில் ஆறு சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. எங்கள் வீட்டில் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் மீட்டர் 175 காட்டுகிறது. ஊர் அடங்கியபின் அதே மீட்டர் 255 காட்டுகிறது.

2. கேட்டால் "லோடு ஜாஸ்தி" என்கிறார்கள். வெறும் லோடு என்றால் வோல்டேஜ் இறங்கத்தான் வேண்டும். எங்கள் வீட்டு விளக்கு மங்கும் அதே நொடியில் எதிர்வீட்டு விளக்கு பளீரென்று எரிவது எப்படி? அவர்கள் வேறு ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் மூன்று கம்பிகளில் வேறொன்று. மூன்று ஃபேஸுக்கும் பொதுவாக, கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரல் எங்கோ ஒரு ஜாயிண்டில் தளர்ந்து கிடக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? அது முழுதாக அறுந்துபோனால் இரண்டு ஃபேஸுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டை வீடுகள் தங்கள் லோடுக்கு ஏற்பப் பங்குபோட்டுக்கொள்ளும். குறைந்த லோடு போட்டிருக்கும் வீட்டில்தான் டிவி, ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் முதலில் புகையும்.

3. அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த மனு முடியாது. நுரையீரல் பாதிப்பால் அவருக்கு வீட்டிலேயே ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருக்கிறோம். காற்றை இழுத்து, அழுத்தி, நைட்ரஜனைப் பிரித்து ஆக்ஸிஜனைத் தரும் கருவி. அதற்கு எல்லாமே உள்ளே ஓடும் கம்ப்ரஸர்தான். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 175 வோல்ட்டில் அறுபது சதவீதம்கூடத் தேறாது. கம்ப்ரஸர் உறுமும், அழுத்தம் இறங்கும், சிவப்பு விளக்கு எரிந்து அலாரம் அடிக்கும்.

ஸ்டெபிலைசர் மாட்டுங்கள் என்றார்கள். சரி, மாட்டினோம். ஆனால் ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உற்பத்தியா செய்கிறது? உள்ளே 230 தருவதற்காக லைனிலிருந்து கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது. வீட்டுக்கு வீடு ஒன்று மாட்டிவிட்டார்கள்; கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் முன்னைவிட இறங்கிவிட்டது. அதன் அளவுக்கும் கீழே போனால் ஸ்டெபிலைசரே கட் ஆகிவிடுகிறது.

இன்வெர்ட்டர் கதை இன்னும் மோசம். 180-க்குக் கீழே போனதும் அது கரண்ட் போய்விட்டதாக நினைத்து பேட்டரிக்கு மாறுகிறது. கம்பியில் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்கிறது, சார்ஜும் ஏறுவதில்லை. அப்புறம் நிஜமாகவே கரண்ட் போகும்போது அதில் எதுவும் மிச்சமில்லை. இருட்டில் ஒருவர் டார்ச் பிடிக்க, இன்னொருவர் சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருக, அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்து மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். பேச வராது. பதறாதே என்று கையை மட்டும் ஆட்டுவார். தங்கள் புகார்ப் படிவத்தில் இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும், ஐயா?

4. "வோல்டேஜ் குறைந்தால் பில்லும் குறையுமே" என்று அலுவலகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். குறையாது. ஆயிரம் வாட் ஹீட்டர் 180 வோல்ட்டில் சுமார் 610 வாட்தான் தரும். தண்ணீர் சூடாக வேண்டிய யூனிட் மாறாது. நேரம்தான் ஒன்றரை மடங்குக்கு மேல் இழுக்கும், இடையில் ஆறுகிற சூடு வேறு நஷ்டம். ஃப்ரிட்ஜ் கிளம்ப முடியாமல் "டிக்" என்று நின்று, மறுபடி முயன்று, மறுபடி நிற்கிறது. ஒவ்வொரு முயற்சியிலும் வழக்கமான ஓட்டத்தைப்போலப் பலமடங்கு கரண்ட் காயில் வழியே பாய்கிறது. காயில் கருகாமல் என்ன செய்யும்?

5. இன்னொன்று. நியூட்ரல் சரியில்லை என்று கண்டுகொண்ட சில எலக்ட்ரீஷியன்கள், வீட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். விளக்கு உடனே நன்றாக எரியும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். வெளியே நியூட்ரல் அறுந்த அன்று வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் வந்து நிற்கும். ஈரக் கையோடு தொடுபவருக்கு இது எப்படித் தெரியும்? ஜனங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கம்பத்தில் செய்ய வேண்டிய வேலை நடக்காததால்தான் வீட்டுக்குள் இந்த வைத்தியம் நடக்கிறது.

6. ஆகவே நாங்கள் கேட்பது: மாலை நேரத்தில் ஒருவரை அனுப்பி மூன்று ஃபேஸின் ஆம்பியரையும், முக்கியமாக நியூட்ரலின் ஆம்பியரையும் அளக்கச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசிக் கம்பம் வரை ஒவ்வொரு நியூட்ரல் ஜாயிண்டையும் பிரித்துச் சுத்தம் செய்து இறுக்கித் தாருங்கள். பிறகு லோடை மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரியுங்கள். தயவுசெய்து டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மட்டும் ஏற்றிவிட்டுப் போய்விடாதீர்கள். மாலையில் கொஞ்சம் கூடும், சரி. இரவில் இப்போதே 255 வருகிறதே, அது எங்கே போய் நிற்கும்? பகல் பதினோரு மணிக்கு வந்து அளந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். போன தடவை அப்படித்தான் அளந்தார்கள். அன்று மாலையே "தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. அதைப் படிக்கும்போது அலாரம் அடித்துக்கொண்டிருந்தது.

7. சரிசெய்யப்படவில்லை ஐயா. எதுவுமே சரிசெய்யப்படவில்லை.

புதிய டிரான்ஸ்ஃபார்மர் கேட்கவில்லை, புதிய லைன் கேட்கவில்லை. இருக்கிற ஜாயிண்டை இறுக்கச் சொல்கிறோம். ஏணியும் ஸ்பேனரும் இரண்டு ஆட்களும் வேண்டிய வேலை. எந்த நாள் வருவார்கள் என்று எழுத்தில் தெரிவித்தால் அன்று அப்பாவுக்கு முன்கூட்டியே சிலிண்டர் ஏற்பாடு செய்துகொள்வோம். எவ்வளவு நேரம் லைனை நிறுத்தினாலும் தெருவில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். மீண்டும் பணிந்து கேட்கிறோம்: நியூட்ரலைச் சரிசெய்து தாருங்கள், மாலையில் வந்து அளந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைசிக் கம்பத்து வீட்டினர் மற்றும் தெருவாசிகள்

இணைப்பு: மாலையிலும் இரவிலும் எடுத்த வோல்ட்மீட்டர் படங்கள், மருத்துவச் சான்றின் நகல்.