பிரெஞ்சின் காலக்கணக்குக்குத் தமிழே நல்ல வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பிரெஞ்சு பயிலும் நம் மாணவர்களுக்கு அம்மொழியின் இலக்கணம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே விளக்கப்படுகிறது. இதனால் வீணாகக் கடினமாகிப்போன பகுதிகளில், ஒரு செயல் எவ்வளவு காலமாக நடக்கிறது என்று சொல்லும் முறையை முதலில் குறிப்பிடுவேன்.

மூன்று ஆண்டுகளாகப் பிரெஞ்சு படித்துவரும் ஒருவர் அதை அம்மொழியில் ‘ழாப்ரான் ல ஃபிரான்ஸே தெப்புயி த்ருவா ஸான்’ என்று நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் யோசிப்பவரோ, அங்கே இவ்விடத்தில் வரும் ‘ஹாவ் பீன்’ வடிவத்தை மனத்தில் கொண்டு, ‘ழே அப்ரி’ என்று இறந்தகாலத்துக்குத் தாவிவிடுகிறார். தமிழில் நாம் ‘மூன்று ஆண்டுகளாகப் படிக்கிறேன்’ என்றுதானே சொல்கிறோம்? நம் ‘ஆக’ செய்கிற வேலையைத்தான் ‘தெப்புயி’ செய்கிறது. வினையும் இரு மொழிகளிலும் நிகழ்காலமே. ‘மூன்று ஆண்டுகளாக அவரைப் பார்க்கவில்லை’ என்று எதிர்மறையாகச் சொல்லும்போது பிரெஞ்சு இறந்தகாலத்துக்கு மாறுவதையும், ‘பார்க்கவில்லை’ என்பதை இயல்பாகப் பேசும் தமிழ் மாணவருக்கு ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம்.

மற்றவையும் அப்படியே. முடிந்துபோன கால அளவுக்கு வரும் ‘பாந்தான்’, ‘மூன்று ஆண்டுகள் அங்கே வசித்தேன்’ என்பதில் உருபேற்காமல் நிற்கும் நம் ‘ஆண்டுகள்’. ஒன்றைச் செய்துமுடிக்க ஆன நேரத்தைச் சொல்லும் ‘ஆன்’, ‘இரண்டு மணி நேரத்தில் முடித்தேன்’ என்பதிலுள்ள ‘இல்’. திட்டமிட்ட காலத்துக்கு உரிய ‘பூர்’, ‘இரண்டு மாதத்துக்குப் பாரிஸ் போகிறேன்’ என்பதிலுள்ள ‘கு’. பேச்சில் அடிக்கடி வரும் ‘சா ஃபே தி ஸான் கெ’ என்ற தொடரைக் கேட்டால், ‘இங்கே வந்து பத்து வருஷம் ஆகிறது’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பேசுவது போலவே இருக்கும்.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்கும் என்று நான் வாதிடவில்லை. ‘2015 முதல்’ என்பதற்கும் ‘பத்து ஆண்டுகளாக’ என்பதற்கும் பிரெஞ்சு ஒரே ‘தெப்புயி’யைப் பயன்படுத்துவதைத் தனியே சொல்லித்தர வேண்டும். ஒரு வாரத்தை ‘எட்டு நாள்’ என்றும் இரண்டு வாரத்தைப் ‘பதினைந்து நாள்’ என்றும் பிரெஞ்சுக்காரர்கள் எண்ணுவதில், பின்னது நமக்குப் பழக்கமானதுதான். முன்னது சற்றுக் குழப்பும்.

பிரெஞ்சு மொழி கற்பிக்கும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் நிறுவனம் 1889 முதல் இயங்கிவரும் புதுச்சேரியிலேனும், பள்ளிப் பிரெஞ்சு நூல்களைத் தயாரிப்போர் இந்தப் பாடத்துக்குத் தமிழ் எடுத்துக்காட்டுகளுடன் கூடிய ஒரு பக்கத்தைச் சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர்,
புதுச்சேரி.