கண்ணுக்கு விடும் சொட்டு கண்ணோடு நிற்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளாக்கோமா எனும் கண் நீர் அழுத்த நோய்க்கு டிமோலால் சொட்டு விடுகிறவர்கள் பலர், பிரஷர் மாத்திரை எழுதும் மருத்துவரிடம் அதைச் சொல்வதில்லை. 'கண்ணுக்குத்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மருந்து கண்ணீர்ப் பாதை வழியே மூக்குக்கு இறங்கி, கல்லீரலைத் தொடாமல் நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பு வரலாம். நாடித்துடிப்பு குறைந்து தலைசுற்றலாம். அட்டெனோலால் எனும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் துடிப்பு இன்னும் இறங்கும். சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பைக்கூட மறைத்துவிடும். முதியவர் தடுமாறி விழுந்தால் வயதின் மேல் பழி போடுகிறோம், சொட்டு மருந்தை யாரும் நினைப்பதில்லை.

கீழிமையை இழுத்து ஒரே சொட்டு விடுங்கள். கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை விரலால் 2 நிமிடம் அழுத்துங்கள். ரத்தத்துக்குப் போவது வெகுவாகக் குறையும். அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் பொறுக்க வேண்டும், இல்லையேல் முதலாவது கழுவிக்கொண்டு போய்விடும்.

வேலூர் வெயிலுக்கு ஒரு வார்த்தை: கிளாக்கோமாவுக்கான இன்னொரு சொட்டு மருந்தான லட்டானோபிராஸ்டின் பிரிக்காத புட்டிகளில் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியவை. குடியாத்தத்துக்கோ ஆம்பூருக்கோ பஸ்ஸில் கொண்டுபோனால் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

தொல்லை வந்தால் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது, வேறு மருந்து கேளுங்கள். மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். புறநோயாளி சீட்டு எழுதும் இடங்களில் மாத்திரையோடு கண் சொட்டின் பெயரையும் கேட்டு எழுத வேண்டுகிறோம்.

– மருந்தாளுநர்கள் சிலர், வேலூர்