பத்து ஆராங்கையும் நினைவில் கொள்வோம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

மலாயாவின் ரயில்களையும் மின்நிலையங்களையும் இயக்கிய நிலக்கரி, சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 1915 முதல் வெட்டியெடுக்கப்பட்டது என்பதையும், சீனர்களோடும் மலாய்க்காரர்களோடும் தமிழர்களும் அங்கே உழைத்தனர் என்பதையும் சிங்கப்பூர் இளையர் பலர் அறியமாட்டார்கள் என்பது என் வருத்தம். நிலத்தடிச் சுரங்கங்கள், திறந்தவெளிக் குழிகள், செங்கற்சூளை என்று செழித்த அவ்வூரில் பணம் புரண்டது உண்மைதான். அதில் தொழிலாளர் கைக்கு வந்தது எவ்வளவு என்பதை, 1937 மார்ச்சில் அவர்கள் சுரங்கத்தையே தங்கள் வசப்படுத்தி நடத்திய, பின்னர் போலிஸ் படை புகுந்து அடக்கிய வேலைநிறுத்தமே சொல்லும். போருக்குப் பின் ரயில்வே எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறவே, வாங்குவார் குறைந்து 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புத் தேடிப் பலர் வெளியேறினர்.

செடி முளைத்த செங்கல் புகைபோக்கிகளும் பழைய கடைவீடுகளும் இன்றும் அங்கே நிற்கின்றன. சுமத்ராவின் சவாலுந்தோ நிலக்கரிச் சுரங்கம் 2019இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கோலாலம்பூருக்குப் பேருந்துப் பயணம் ஏற்பாடு செய்யும் நம் அமைப்புகள் பத்துமலையோடு திரும்பிவிடாமல் பத்து ஆராங்கிற்கும் அரை நாள் ஒதுக்க வேண்டும் என்றும், அங்கு உழைத்தோரின் பிள்ளைகள் நம்மிடையே இருந்தால் அவர்களின் நினைவுகளைத் தங்கள் நாளிதழ் கேட்டு வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்