கணக்கில் வராத உழைப்பு

ஆசிரியருக்கு,

நாட்டின் உற்பத்தியும் வருமானமும் எவ்வளவு கூடின என்று சொல்லும் வளர்ச்சி விகிதம் கால் சதவீதம் குறைந்தாலே அரசுகள் பதறுகின்றன. பொருளாதாரப் பெருமந்தத்தின் ஆழம் தெரியாமல் தவித்த அமெரிக்க செனட் சபைக்கு, 1934இல் தேசிய வருமான அறிக்கை தந்தவர் பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ். மக்களின் நலனை தேசிய வருமானம் என்ற இந்த எண்ணை வைத்து மதிப்பிட முடியாது என்று அதிலேயே எச்சரித்தும் இருந்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம்!

சம்பளத்துக்கு ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அது உற்பத்தி. தாயே பார்த்துக்கொண்டால் கணக்கில் கிடையாது. காட்டை வெட்டி விற்றால் வருமானம் ஏறும். போன காடு எங்கும் கழியாது. சரி, அளக்கவே வேண்டாமா? வேண்டும்தான். கணக்கில்லாமல்தானே அன்று அவ்வளவு தடுமாற்றம்? ஆனால் வளர்ச்சி விகிதம் வெளியாகும்போதே, ஊதியமில்லா வீட்டு உழைப்பின் கணக்கையும் அரசுகள் வெளியிட வேண்டும்.

- ஒரு வாசகர்