தங்கத் தாத்தாவின் ஆடிக்கூழ்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள குமார்,

கடிதம் கிடைத்தது. உன் மகள் அங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கிறாள் என்று படித்ததும் மனம் குளிர்ந்துபோனது. இங்கே எல்லோரும் சுகம். ஆடி முதல் நாளான ஆடிப்பிறப்பு கிட்டுகிறது, இங்குள்ள காலி வீதி என்ற பெருந்தெருக் கடைகளில் பனங்கட்டி (பனை வெல்லம்) தேடுகிற கூட்டம் தொடங்கிவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் எந்தப் பாட்டு என்று கேட்டிருந்தாய். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'ஆடிப்பிறப்பு'தான். வேறு எதையும் தேட வேண்டாம். 1878 முதல் 1953 வரை வாழ்ந்த மனிதர். வட்டுக்கோட்டையில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர். அட்டகிரி முருகன்மீது கலம்பகம் என்ற செய்யுள் நூல் பாடிய அதே கைதான் கத்தரித் தோட்டத்தில் காவல் நிற்கிற வெருளிப் பொம்மையையும் பாடியது. பனையைப் பற்றித் 'தாலவிலாசம்' என்றே ஒரு நூல் செய்தார். கோயில், தோட்டம், பனை, அடுப்படி என்று கண்முன்னே இருந்ததெல்லாம் அவருக்குப் பாட்டாயிற்று. பிள்ளைகள் அவரைத் தங்கத் தாத்தா ஆக்கிக்கொண்டதில் வியப்பே இல்லை.

அந்தப் பாட்டில் அம்மாவைப் பற்றி ஒரு புகழ்ச்சிச் சொல்கூடக் கிடையாது. அவள் செய்கிற வேலைதான் இருக்கிறது, அதுவும் சமையலறை வரிசை தப்பாமல். பயறு வறுத்துக் குத்தி, அரிசி இடித்துத் தெள்ளி, பருப்பை அவித்து, மாவை வறுத்த பிறகுதான் தேங்காய் வருகிறது. முதலில் கொழுக்கட்டை, அடுத்துக் கூழ். கூழிலும் தேங்காய்ப்பால், பனங்கட்டி, மாவுருண்டையும் பயறும் என்று போய், கரைத்த மா கடைசியில். இந்த ஒழுங்குக்குக் காரணம் இருக்கிறது. பனங்கட்டி சேர்ந்த நீரில் பயறு லேசில் அவியாது. அதனால்தான் முன்பே அவித்து வைப்பது. கரைத்த மாவை முதலிலேயே விட்டால் கூழ் தடித்து அடிப்பிடிக்கும், உருண்டைகளும் உள்ளே வேகாது.

ஆகவே படிப்பித்த கையோடு கூழும் காய்ச்சச் சொல். பாட்டில் அளவு இல்லை, அதை எழுதுகிறேன். பத்துப் பிள்ளைகளுக்கு வறுத்த பச்சையரிசி மா 2 கோப்பை, வறுத்துக் கோது (தோல்) நீக்கிய பாசிப்பயறு அரைக் கோப்பை, பெரிய தேங்காய் 1, பனங்கட்டி 300 கிராம். மாவில் ஒன்றரைக் கோப்பையை எடுத்து, உப்புப் போட்ட கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்துச் சுண்டங்காய் அளவில் உருட்ட வேண்டும். இதைப் பிள்ளைகளிடமே விடலாம். பனங்கட்டியில் தும்பும் மண்ணும் இருக்கும்; ஒரு கோப்பை சுடுநீரில் கரைத்து வடித்துத்தான் சேர்க்க வேண்டும். தேங்காயின் கெட்டியான முதற்பால் ஒரு கோப்பையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் பாலும் தண்ணீருமாக 6 கோப்பை அடுப்பில் ஏற்றிப் பனங்கட்டிக் கரைசலை ஊற்றட்டும். நன்றாகக் கொதித்த பிறகே உருண்டை போடுவது. சூடு போதாவிட்டால் கரைந்து களியாகிவிடும். போட்டவுடன் அகப்பை வைக்கக் கூடாது. அவை மேலே மிதந்து வந்ததும் அவித்த பயறைச் சேர்த்து, மீதி அரைக் கோப்பை மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஒரு கையால் வார்த்து மறு கையால் துழாவ வேண்டும். சுடுநீரில் கரைத்தால் கட்டி விழும். முதற்பாலைக் கடைசியில் விட்டு, ஒரு கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் திரைந்துபோகும். தேங்காய்ச் சொட்டும் (சிறு துண்டுகளாக நறுக்கிய தேங்காய்) கொஞ்சம் மிளகு சீரகத் தூளும் போட்டால் போதும். ஆற ஆறத் தடிக்கும் என்பதால் அடுப்பில் இருக்கும்போது சற்றுத் தண்ணியாகவே இருக்கட்டும்.

பலாவிலையில் குடிக்கிற அடியைப் படிக்கும்போது பிள்ளைகள் கட்டாயம் இலை கேட்பார்கள். இங்கே தொடர்மாடி வீடுகளிலும் அதே பாடுதான். தெகிவளைப் பக்கத்து வளவுகளில் கேட்டு வாங்குகிறார்கள். அங்கே கிடைக்காவிட்டால் தடித்த காகிதத்தில் கோலிப் பழகட்டும். இலை கிடைத்தால் முற்றியதாகப் பார்த்து எடுக்க வேண்டும். தளிர் சூட்டுக்கு வதங்கிக் கூழ் கையில் வடியும், காய்ந்தது மடிக்கும்போதே வெடிக்கும். கோலியதை ஈர்க்கால் குத்திவிட்டால் பிரியாது.

அடுத்த கிழமை இங்கிருந்து உங்கள் பக்கம் வருகிற ஒருவரிடம் இரண்டு குட்டான் (சிறிய ஓலைப்பெட்டி) பனங்கட்டி கொடுத்துவிடுகிறேன். ஈரம் படாமல் போத்தலில் போட்டு இறுக மூடி வைக்கச் சொல். பாட்டு முழுவதையும் தனித் தாளில் எழுதி அந்தப் பொதிக்குள்ளேயே வைக்கிறேன்.

அன்புடன்,
ரவி